வளைந்த கன்றும் நேரான கம்பும்: குழந்தை எலும்பு மருத்துவத்தின் வரலாறு

ஒரு துறையின் பெயரிலிருந்து இவ்வுரையைத் தொடங்குவோம். எலும்பு, மூட்டு, முதுகுத்தண்டு ஆகியவற்றின் குறைகளைத் தீர்க்கும் மருத்துவத்துக்கு மேலை மொழிகளில் ஆர்த்தோபீடிக்ஸ் என்று பெயர். தமிழில் அதனை எலும்பியல் என்கிறோம். தமிழ்நாட்டு மருத்துவமனைப் பலகைகளில் முடநீக்கியல் என்னும் சொல்லையும் காண்கிறோம். முன்னது உறுப்பைச் சுட்டுகிறது. பின்னது குறையைச் சுட்டுகிறது. மேலைச் சொல் இவ்விரண்டையும் சுட்டவில்லை. கிரேக்க மொழியில் ‘ஆர்த்தோஸ்’ என்றால் நேரானது. ‘பைதியோன்’ என்றால் சிறு குழந்தை. குழந்தையை நேராக்குதல் என்பதே அச்சொல்லின் கருத்து. இன்று எழுபது வயது மூதாட்டியின் தேய்ந்த முழங்காலை மாற்றி வைக்கும் அறுவை மருத்துவரும் அப்பெயரைத்தான் தம் அறைக்கதவில் எழுதி வைத்திருக்கிறார். அதற்குள் ஒரு குழந்தை நிற்பதை அக்கதவைத் தட்டும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அக்குழந்தையைப் பற்றியதே இவ்வுரை. திரும்பிய பாதத்தோடு பிறந்த குழந்தைகளையும், வளரும்போது கால் வளைந்துபோன குழந்தைகளையும் நிமிர்த்த முயன்றவர்கள் எவ்வளவு வலுவைப் பயன்படுத்தினார்கள், எப்போது எதனால் அவ்வலுவைத் தளர்த்தினார்கள் என்பதே நாம் இங்குப் பின்தொடர விரும்பும் இழை. மருத்துவராக அன்றி, சொற்களின் வரலாற்றில் நாட்டமுள்ள ஆசிரியராகவே பேசுகிறோம்.

அச்சொல்லைப் படைத்தவர் நிக்கோலா ஆந்திரி. 1658இல் பிரான்சின் லியோன் நகரில் பிறந்தவர். முதலில் இறையியல் பயின்று, பின்பு மருத்துவராகி, பாரிஸ் மருத்துவப் புலத்தின் தலைமைப் பதவி வரை உயர்ந்தவர். மனித உடலில் வாழும் புழுக்களைப் பற்றி 1700இல் அவர் எழுதிய நூல் பெரும் பெயர் பெற்றது. எந்த நோயைக் கண்டாலும் புழுவையே தேடுகிறார் என எள்ளிய பகைவர்கள் அவருக்குப் ‘புழு மனிதர்’ என்று பட்டமும் சூட்டினர். பகைவர்களுக்கு அவரிடம் குறைவில்லை. அறுவை மருத்துவர்களைக் கல்வியில் தாழ்ந்தவர்களாகவே நடத்தி, அவர்களோடு வாழ்நாளெல்லாம் வழக்காடியவர் அவர். அத்தகையவர் படைத்த சொல்லையே பிற்காலத்து அறுவை மருத்துவர்கள் தம் துறைக்குச் சூட்டிக்கொண்டார்கள் என்பது வரலாற்றின் குறும்பு.

1741ஆம் ஆண்டில், எண்பது வயதைத் தாண்டிய பின், தம் இறப்புக்கு ஓராண்டு முன்னதாக, ஆந்திரி ‘ஆர்த்தோபெதி’ என்னும் நூலை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். குழந்தைகளின் உடலில் தோன்றும் கோணல்களைத் தடுப்பதும் திருத்துவதும் அதன் பொருள். அந்நூல் மருத்துவர்களுக்காக எழுதப்பட்டதன்று. பெற்றோருக்கும் பிள்ளை வளர்ப்போருக்கும் எழுதப்பட்டது. பிள்ளைகள் எவ்வாறு உட்கார வேண்டும், எவ்வாறு தலையை நிமிர்த்த வேண்டும் என்றெல்லாம் அவர் பக்கம் பக்கமாகப் பேசுகிறார். வகுப்பறையில் கூன் போட்டு உட்காரும் பிள்ளையை அதட்டியிருக்கும் ஆசிரியர்கள் அந்தப் பக்கங்களில் தங்கள் குரலையே கேட்கக்கூடும்.

அந்நூலிலுள்ள ஒரு படம் அந்நூலைவிடப் புகழ்பெற்றது. பாம்புபோல் நெளிந்து வளர்ந்த ஓர் இளமரம். அருகில் ஊன்றிய நேரான கம்பு. இரண்டையும் சேர்த்துச் சுற்றிக் கட்டிய கயிறு. உலகெங்கும் எலும்பு மருத்துவர் சங்கங்களின் முத்திரைகளில் இன்றும் இம்மரத்தைக் காணலாம். அப்படத்துக்கு அருகில் ஆந்திரி கூறும் மருத்துவம் எளிது. குழந்தையின் கால் வளைந்திருந்தால், வளைவின் உட்குழிந்த பக்கத்தில் ஓர் இரும்புத் தகட்டை வைத்துத் துணியால் சுற்றிக் கட்ட வேண்டும்; அக்கட்டை நாளுக்கு நாள் இறுக்கிக்கொண்டே வர வேண்டும்.

தோட்ட வேலை அறிந்தவர்கள் அப்படத்தைப் பார்த்தால் ஒன்றைச் சொல்வார்கள். கன்றை நிமிர்த்துவது கயிறன்று. கட்டப்பட்ட நிலையில் அது தொடர்ந்து வளர்வதால் நிமிர்கிறது. பட்டுப்போன மரத்தை எத்தனை ஆண்டுகள் கட்டி வைத்தாலும் அது வளைந்தே நிற்கும். ஆந்திரி வரைந்த படத்தில் கம்பும் கயிறும் கண்ணுக்குத் தெரிகின்றன, வளர்ச்சி தெரியவில்லை. பின்வந்த இருநூற்றைம்பது ஆண்டுகளில் மருத்துவர்கள் பலரும் கண்ணுக்குத் தெரிந்ததையே பிடித்துக்கொண்டார்கள்.

ஆந்திரிக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு குரல் ஒலித்திருந்தது. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டிசின் பெயரால் வழங்கும் நூல்களுள் மூட்டுகளைப் பற்றியது ஒன்று. பிறவியிலேயே உட்புறமாகத் திரும்பிய பாதத்தைப் பற்றி அது பேசுகிறது. குழந்தை பிறந்தபின் இயன்றவரை விரைவில் தொடங்க வேண்டும், முரட்டுத்தனம் கூடாது, மெழுகில் உருவம் செய்பவன் விரல்களால் அழுத்திச் சீராக்குவதுபோல் பாதத்தைக் கையால் மெல்லத் திருத்தி, பிசின் பூசிய துணியால் கட்டி, அந்நிலையில் நிறுத்த வேண்டும் என்பது அந்நூல் தரும் அறிவுரை. மெழுகு என்னும் அவ்வுவமையை நினைவில் வைத்துக்கொள்வோம். அது மீண்டும் வரும்.

எலும்பு எங்கே வளர்கிறது என்னும் வினாவுக்கு முதன்முதலில் செம்மையான விடை கண்டவர் மரஞ்செடிகளை ஆராய்ந்த ஒருவர் என்பது வியப்புக்குரியது. லண்டனுக்கு அருகில் டெடிங்டன் என்னும் ஊரில் பாதிரியாராக இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ், செடிகளில் நீர் ஏறும் விதத்தை அளந்தவர். இளந்தளிரில் சம இடைவெளியில் புள்ளிகள் இட்டு, அது வளர வளர அப்புள்ளிகள் எவ்வாறு விலகுகின்றன என்று பார்த்தவர். 1727இல் வெளிவந்த தம் நூலில் அதே சோதனையை எலும்பிலும் செய்ததாகக் கூறுகிறார். பாதி வளர்ந்த ஒரு கோழிக்குஞ்சின் கால் எலும்பில், அரை அங்குல இடைவெளியில் இரண்டு சிறு துளைகள் இட்டார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது எலும்பு ஓர் அங்குலம் நீண்டிருந்தது. துளைகளுக்கு இடையிலான தொலைவோ மாறவில்லை. எலும்பு நடுவில் நீளவில்லை, முனைகளில்தான் நீள்கிறது என்பது அதனால் விளங்கியது.

அடுத்த சான்று ஓர் உணவு மேசையில் கிடைத்தது. 1736இல் ஜான் பெல்ச்சியர் என்னும் லண்டன் அறுவை மருத்துவர், துணிக்குச் சாயமிடும் தொழில் நடத்தியவரின் வீட்டில் விருந்துண்டபோது, பன்றி இறைச்சியிலிருந்த எலும்பு சிவப்பாக இருப்பதைக் கண்டார். நம் மஞ்சிட்டிக்கு இனமான ஒரு செடியின் வேர்ச்சாயம் ஊறிய தவிட்டைத் தின்று வளர்ந்த பன்றி அது. புதிதாக உருவாகும் எலும்பு அச்சாயத்தை ஏற்கும் என்பதைப் பிடித்துக்கொண்ட பிரெஞ்சுக்காரர் துஹாமெல் து மோன்சோ, விலங்குகளுக்கு அச்சாயத்தைச் சில வாரம் கொடுத்தும் சில வாரம் நிறுத்தியும் வளர்த்தார். அவற்றின் எலும்பைக் குறுக்கே வெட்டியபோது, சிவப்பும் வெண்மையுமாக அடுக்கடுக்கான வளையங்கள் தெரிந்தன. அவரும் மரநூல் வல்லுநரே; மரத்தின் ஆண்டு வளையங்களை நன்கு அறிந்தவர். பிற்பாடு ஜான் ஹண்டர் இளம்பன்றியின் கால் எலும்பில் இரண்டு ஈயக் குண்டுகளைப் பதித்து, ஹேல்ஸ் கண்டதையே மீண்டும் நிறுவினார்.

இந்த இடத்தில் ஒரு தமிழ்ச் சொல்லைப் பற்றிக் கூறாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. குழந்தையின் நீண்ட எலும்பு ஒவ்வொன்றின் முனையையொட்டியும், முழு எலும்பாக இறுகாத ஒரு மெல்லிய தட்டு உண்டு. வளர்தட்டு என்கிறோம். அங்கே உயிரணுக்கள் காசுகளை அடுக்கியதுபோல் வரிசையாக நின்று, பெருகி, பருத்து, சுண்ணம் ஏறி, ஒரு பக்கத்தில் எலும்பாக மாறிக்கொண்டே இருக்கின்றன. பெண்களுக்குப் பதினைந்து வயதையொட்டியும் ஆண்களுக்குப் பதினேழு வயதையொட்டியும் அத்தட்டு இறுகி மறைகிறது. அதன்பின் உயரம் கூடுவதில்லை. அத்தட்டு எதனால் ஆனதோ அப்பொருளுக்குத் தமிழில் குருத்தெலும்பு என்று பெயர். குருத்து என்பது தென்னை, பனை, வாழை போன்றவற்றின் உச்சியில் விரியாமல் நிற்கும் இளந்தளிர். தென்னையின் அடிமரத்தில் கத்தி பட்டால் தழும்போடு வளரும். குருத்தில் வண்டு புகுந்தால் மரமே போய்விடும். எலும்பு முனைகளில் வளர்கிறது என்பதை ஹேல்ஸ் கோழிக்குஞ்சில் துளையிட்டு அறிந்தார். அப்பொருளின் மென்மையைக் கண்டு பெயரிட்ட நம் முன்னோர், வளரும் இடத்துக்குரிய சொல்லையே அதற்கு வைத்துவிட்டார்கள். அறிந்து வைத்தார்களா, தற்செயலா என்று வாதிடத் தேவையில்லை. பாடம் நடத்தும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல உவமை கிடைக்காது.

உவமை பொருளிலும் பொருந்துகிறது. குழந்தையின் எலும்பு நடுவில் முறிந்து சற்றே வளைந்து கூடினாலும், வளரும்போது பெரும்பாலும் தானே நிமிர்ந்துகொள்கிறது. முறிவு வளர்தட்டில் நேர்ந்தால், அன்றைக்குச் சிறியதாகத் தோன்றினாலும், தட்டின் ஒரு பக்கம் மட்டும் வளர்ந்து மறுபக்கம் நின்று, ஓரிரு ஆண்டுகளில் கால் கோணிவிடக்கூடும். எந்த வகை முறிவு எவ்வளவு தீங்கானது என்பதைக் கனடாவின் டொரண்டோ நகரத்து மருத்துவர்கள் சால்ட்டரும் ஹாரிசும் 1963இல் ஐந்து வகைகளாகப் பிரித்துக் காட்டினர். அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1860களில், ஜெர்மானியர்களான ஹியூட்டரும் ஃபோல்க்மனும் இன்னொன்றைக் கண்டிருந்தார்கள். வளரும் பகுதியின்மேல் அழுத்தம் மிகுந்தால் அங்கு வளர்ச்சி குறையும். அழுத்தம் தளர்ந்தால் வளர்ச்சி கூடும். கட்டை இறுக்கினால் நிமிரும் என்றார் ஆந்திரி. எங்கே இறுக்குகிறோம், எங்கே தளர்த்துகிறோம் என்பதே கேள்வி என்று ஆயிற்று.

ஆனால் ஆந்திரியின் காலத்திலேயே ஐரோப்பியக் குழந்தைகளின் கால்களைக் கூட்டங்கூட்டமாக வளைத்துக்கொண்டிருந்த நோய் கட்டுக்கு அடங்குவதாக இல்லை. ரிக்கெட்ஸ் எனப்படும் அந்நோயைப் பற்றி 1645இல் டேனியல் விஸ்லர் ஆய்வேடு எழுதினார்; 1650இல் ஃபிரான்சிஸ் கிளிசன் விரிவான நூலையே எழுதினார். மண்டை பெருத்து, மணிக்கட்டு தடித்து, விலாவில் மணிமணியாக முண்டுகள் தோன்றி, நிற்கத் தொடங்கியதும் கால்கள் வில்லாக வளையும். ஆலைகள் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டில், நிலக்கரிப் புகை மூடிய நகரங்களின் இடுக்குத் தெருக்களில் அத்தகைய கால்கள் சாதாரணக் காட்சியாயின. கிளாஸ்கோ நகரின் அறுவை மருத்துவர் வில்லியம் மெக்கிவன், நோய்க்கிருமி தடுக்கும் புதிய முறைகளின் துணையோடு, வளைந்த எலும்பை உளியால் வெட்டி நேராக்கி வைக்கும் கலையில் தேர்ந்தவர். நூற்றுக்கணக்கான குழந்தைகளை நிமிர்த்தினார். 1880இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். அவருடைய கைத்திறனை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் வாயிலுக்கு வெளியே புகை சூழ்ந்த தெருக்கள் அடுத்த ஆயிரம் குழந்தைகளை வளைத்துக்கொண்டிருந்தன.

விடை வானத்தில் இருந்தது. போலந்து மருத்துவர் யென்ஜெய் ஸ்னியாதெட்ஸ்கி, வார்சா நகரக் குழந்தைகளுக்கு வரும் இந்நோய் நாட்டுப்புறக் குழந்தைகளுக்கு வருவதில்லை என்று கண்டு, 1822இலேயே வெயிலைப் பரிந்துரைத்தார். ஜப்பானில் மருத்துவப் பணியாற்றித் திரும்பிய தியோபால்ட் பாம் என்பவர், அங்குக் காணாத நோயைத் தம் நாட்டில் கண்டு திகைத்தார். பல நாடுகளில் பணிபுரிந்தவர்களிடம் கடிதம் எழுதி விசாரித்து, வெயில் குறைந்த இடங்களிலேயே நோய் மிகுகிறது என 1890இல் எழுதினார். இருவர் சொல்லும் அவையேறவில்லை. முதல் உலகப் போருக்குப் பின், 1919இல், பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி நோயுற்ற குழந்தைகளைப் பாதரச ஆவி விளக்கின் புற ஊதாக் கதிரில் வைத்துக் குணப்படுத்தினார். ஒரு கையில் மட்டும் கதிர் பட்டாலும் இரு கைகளின் எலும்புகளும் தேறின. அப்படியானால் தோலில் உருவாகும் ஏதோ ஒன்று குருதி வழியாக உடலெங்கும் செல்கிறது. அதே காலத்தில் லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி, மீன் ஈரல் எண்ணெய் இந்நோயைத் தடுப்பதை நாய்க்குட்டிகளில் காட்டினார். போரால் பசித்திருந்த வியன்னா நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் ஹேரியட் சிக்கும் அவருடைய குழுவினரும் வெயில், மீன் ஈரல் எண்ணெய் இரண்டுமே பயன்தரும் என்பதைக் குழந்தைகளிடத்தே உறுதிசெய்தனர். 1922இல் அமெரிக்காவின் மெக்கலம் அவ்வெண்ணெயிலிருந்த பொருளுக்கு வைட்டமின் டி என்று பெயரிட்டார். அதன்பின் உளி மெல்ல மெல்ல ஓய்ந்தது.

வெயிலின் புகழ் இன்னொரு நோய்க்கும் பரவியது. காசநோய் நுரையீரலோடு நிற்பதன்று. குழந்தைகளின் முதுகெலும்பையும் இடுப்பு மூட்டையும் அரிக்கும். மருந்தில்லாத அந்நாளில் ஓய்வும் காற்றும் வெயிலுமே மருத்துவம். 1900இல் இங்கிலாந்தின் பாஸ்சர்ச் என்னும் சிற்றூரில் ஆக்னஸ் ஹன்ட் என்னும் செவிலியர், தாமே இடுப்பு மூட்டு நோயால் ஊன்றுகோலோடு நடந்தவர், திறந்த கொட்டகைகளில் குழந்தைகளை வைத்துப் பேணினார். 1903 முதல் சுவிட்சர்லாந்தின் லேசேன் மலையூரில் ஒகுஸ்த் ரோலியே வெயில் மருத்துவம் நடத்தினார். அம்மரபு நம் சிங்கப்பூருக்கும் வந்தது. 1939இல் சிக்லாப்பில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் மிஷன் மருத்துவமனை, எலும்புக் காசநோய் கண்ட குழந்தைகளுக்கென ஒரு மருத்துவமனையைத் திறந்தது. இன்று அடுக்குமாடிகள் நிற்கும் கிழக்குக் கரையோரத்தைக் கடக்கும் மாணவர்கள், அங்கே ஒரு காலத்தில் கடற்காற்றையே மருந்தாக நம்பிக் குழந்தைகள் படுத்திருந்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்கலாம். இந்நோய்க்கு அந்நாளில் உலகெங்கும் இருந்த முறை, குழந்தையை மாவுக்கட்டிலோ சட்டத்திலோ அசையாமல் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் படுக்கவைப்பது. ஓடும் வயதில் கட்டிலே உலகம்.

1944இல் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952இல் ஐசோனியசிட்டும் வந்தன. மருந்து வந்த பிறகும் கட்டை அவிழ்க்க எவருக்கும் துணிவு வரவில்லை. மாத்திரையும் தொடர்ந்தது, மாவுக்கட்டும் தொடர்ந்தது. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் தென்கொரியாவில் நடத்திய இரண்டு ஆய்வுகள்தாம் அதை அசைத்தன. மசான் நகரில் ஒரு பாதியினர் ஆறு மாதம் படுக்கையில் இருந்தனர். மறுபாதியினர் மருந்தை உண்டு வீட்டில் நடமாடினர். பூசானில் ஒரு பாதியினருக்கு மார்பைச் சுற்றிய மாவுக்கட்டு. மறுபாதியினருக்கு அதுவும் இல்லை. எல்லாருக்கும் மருந்து உண்டு. 1973இல் முடிவுகள் வெளிவந்தபோது, படுத்தவர்களுக்கும் நடந்தவர்களுக்கும், கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. பின்னர்ச் சென்னையிலும் இத்தகைய ஆய்வு நடந்தது. நடமாடிக்கொண்டே குறுகிய கால மருந்து உண்டவர்களுள் பெரும்பாலோர் தேறினர்.

இதைப் படித்து, இயற்கையை அதன் போக்கில் விட்டுவிட்டால் போதும் என்று எவரும் முடிவு கட்டிவிடலாகாது. அப்படி எளிதாக முடியும் கதையன்று இது. கோயம்புத்தூர் முதுகெலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன், முதுகெலும்புக் காசநோயிலிருந்து மீண்ட 61 குழந்தைகளைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2001இல் முடிவை எழுதினார். நோய் முற்றிலும் ஆறிய பிறகும் வளர்ச்சி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஒரு பகுதியினருக்குக் கூன் ஆண்டுதோறும் கூடியது. ஏறக்குறைய அதே அளவினருக்கு அது தானாகவே குறைந்தது. எந்தக் குழந்தை எப்பக்கம் செல்லும் என்பதை முன்கூட்டியே காட்டும் அடையாளங்களை எக்ஸ்ரே படத்தில் அவர் கண்டுபிடித்தார். வளர்ச்சி மருத்துவனாகவும் இருக்கும், நோயாகவும் இருக்கும். அதைக் கட்டுவதைவிட அதன் போக்கை அறிவது கடினம்.

இனி வளைபாதத்துக்கு வருவோம். ஏறக்குறைய ஆயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படும் குறை இது. குதிகால் மேலேறி, உள்ளங்கால் உட்புறமாகத் திரும்பி, பாதத்தின் முன்பகுதி வளைந்து குழந்தை பிறக்கிறது. திருத்தாவிட்டால் புறங்காலை ஊன்றி நடக்க வேண்டிவரும். கருவுற்றவள் கிரகணத்தின்போது வெளியே வந்தாள், அதனால்தான் பிள்ளைக்கு இப்படி என்று நம் வீடுகளில் கூறக் கேட்டிருக்கிறோம். அச்சொல்லைச் சுமந்த தாய்மார்களின் எண்ணிக்கையை எவரும் கணக்கெடுக்கவில்லை.

சுவிட்சர்லாந்தின் ஓர்ப் என்னும் ஊரில் 1780இல் ழான்-ஆந்திரே வெனெல் இத்தகைய குழந்தைகளுக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கினார். அவர்களை அங்கேயே தங்கவைத்து, கையால் திருத்தியும், தாமே வடிவமைத்த காலணியால் நிறுத்தியும் மருத்துவம் பார்த்தார். எலும்பு மருத்துவத்துக்கென அமைந்த முதல் நிலையம் அதுவே. பொறுமையைக் கேட்கும் முறை அது. ஹனோவர் நகரின் ஸ்ட்ரோமேயர் 1831இல் விரைவான ஒரு வழியைக் காட்டினார். தோலில் சிறு துளையிட்டு, மெல்லிய கத்தியை நுழைத்து, குதிகால் நாணை வெட்டித் தளர்த்தும் முறை. லண்டனின் வில்லியம் ஜான் லிட்டில் குழந்தைப் பருவத்தில் போலியோ தாக்கி ஒரு பாதம் திரும்பியவர். தம் பாதத்துக்கு மருத்துவம் தேடியே மருத்துவம் படித்தவர் என்று சொன்னாலும் பொருந்தும். 1836இல் அவர் ஹனோவருக்குச் சென்று ஸ்ட்ரோமேயரிடம் அறுவை செய்துகொண்டு, நலமாகித் திரும்பி, 1837இல் லண்டனில் அதே அறுவையைத் தாமே செய்தார். அவர் நிறுவிய நிலையம்தான் பிற்காலத்தில் லண்டன் எலும்பு மருத்துவமனைகளுக்கு முன்னோடி.

மயக்க மருந்தும் கிருமி தடுக்கும் முறையும் வந்ததும் கத்தி ஆழமாக இறங்கத் தொடங்கியது. வெட்ட வலிக்காது, வெட்டினால் சீழ் பிடிக்காது என்று ஆனபின் எதை வெட்டாமல் விடுவது என்பதே கேள்வியாயிற்று. திரும்பிய பாதத்தை ஒரே மூச்சில் வளைத்து நிமிர்த்த இரும்புத் திருகிகள் வந்தன. பின் தசைநார்களையும் மூட்டுறைகளையும் அறுத்துத் திறந்து, எலும்புகளை இருக்க வேண்டிய இடத்தில் வைத்துத் தைக்கும் பெரிய அறுவைகள் இருபதாம் நூற்றாண்டில் பரவின. எக்ஸ்ரே படத்தில் பாதம் நேராகத் தெரிந்தது. பெற்றோர் நன்றி கூறினர்.

அந்தக் குழந்தைகள் வளர்ந்த பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்டவர் இக்னாசியோ பொன்செத்தி. 1914இல் ஸ்பெயினின் மினோர்க்கா தீவில், கடிகாரம் பழுது பார்ப்பவரின் மகனாகப் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் குடியரசுப் படையின் மருத்துவராகப் பணியாற்றி, தோல்விக்குப் பின் காயம்பட்டவர்களைப் பிரனீஸ் மலை கடந்து பிரான்சுக்குச் சேர்த்து, மெக்சிகோவில் சில ஆண்டுகள் வைத்தியம் பார்த்து, 1941இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கே, முன்பு வளைபாத அறுவை செய்துகொண்டவர்களை மீண்டும் அழைத்துப் பார்க்கும் பணியில் ஈடுபட்டார். நேராக்கப்பட்ட அப்பாதங்கள் மரக்கட்டையாக விறைத்திருந்தன, வலித்தன, வலுவிழந்திருந்தன. வெட்டிய இடமெல்லாம் தழும்பு இறுகியிருந்தது. நேராக இருந்தன என்பது மட்டும் உண்மை.

1940களின் இறுதியில் அவர் வேறு வழியைத் தொடங்கினார். பிறந்த சில வாரங்களில் குழந்தையைத் தாயின் அருகில் வைத்துக்கொண்டு, கணுக்காலுக்கு முன்னுள்ள எலும்பின் தலைப்பகுதியில் கட்டைவிரலை ஊன்றி, பாதத்தின் மற்ற பகுதியை அதைச் சுற்றி மெல்ல வெளிப்புறமாக நகர்த்துவார். எவ்வளவு இணங்குகிறதோ அவ்வளவே. அந்நிலையில் தொடை வரை மாவுக்கட்டு. ஒரு வாரம் கழித்து அதை அவிழ்த்து, மீண்டும் சிறிது நகர்த்தி, புதிய கட்டு. ஐந்தாறு வாரங்களில் பாதம் திரும்பிவிடும். இறுதியில் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஸ்ட்ரோமேயர் காட்டியதுபோல் குதிகால் நாணில் ஒரு சிறு வெட்டு; அந்நாண் சில வாரங்களில் தானே கூடிவிடும்.

இது பலிப்பதற்குக் காரணம் முன்பே நாம் கண்ட குருத்தெலும்புதான். பச்சிளங் குழந்தையின் பாத எலும்புகளில் பெரும்பகுதி இன்னும் இறுகாத குருத்தெலும்பே. தசைநார்கள் மெல்ல இழுத்தால் நீளும். எலும்புகளை ஒன்றோடொன்று சரியான நிலையில் வைத்தால், அழுத்தம் இடம் மாறுகிறது; வளரும் குருத்து அதற்கேற்பத் தன் வடிவத்தைத் தானே மாற்றிக்கொள்கிறது. மெழுகில் உருவம் செய்பவனைப்போல் என்று பழைய நூல் கூறியது வெறும் உவமையன்று. பொருளின் தன்மையே அதுதான்.

1963இல் பொன்செத்தி தம் முடிவுகளை வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. பெரிய அறுவைகள் மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தன. இதற்கு யாரையேனும் குற்றம் சாட்டுவது எளிது. ஆனால் அறுவை பயின்ற கைக்கு, வாரம் ஒருமுறை விரலால் தடவி ஏழு நாள் காத்திருப்பது மருத்துவமாகவே தோன்றியிராது என்று கருதுகிறோம். 1995இல் அவருடைய பழைய நோயாளிகள் முப்பது ஆண்டுகள் கடந்த நிலையில் ஆராயப்பட்டனர். பெரும்பாலோரின் பாதங்கள், பிறவிக் குறையின்றிப் பிறந்தவர்களின் பாதங்களோடு ஒப்பிடத்தக்கவாறு இயங்கின. அடுத்த ஆண்டு அவருடைய நூல் வெளிவந்தது. அப்போதும் முதலில் செவிசாய்த்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். தம் குழந்தைக்குக் கத்தி வேண்டாம் என்று தேடியலைந்த பெற்றோர், இணையத்தில் ஒருவருக்கொருவர் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டார்கள். விமானம் ஏறி அயோவாவுக்குச் சென்றார்கள். திரும்பி வந்து தம் ஊர் மருத்துவர்களிடம் கேட்டார்கள். எண்பது வயதைத் தாண்டிய பொன்செத்தி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2009இல் 95ஆம் வயதில் அவர் மறைந்தபோது, அம்முறை உலகின் பெரும்பாலான நாடுகளில் முதல் தேர்வாகியிருந்தது. மின்சாரமும் அறுவை அரங்கும் இல்லாத இடத்திலும் அதைச் செய்ய முடிந்தது என்பது ஏழை நாடுகளுக்குப் பெரும்பேறாயிற்று.

கட்டு முழுவதும் ஒழிந்துவிடவில்லை. மாவுக்கட்டுகள் முடிந்தபின் குழந்தைக்கு இரண்டு சிறு காலணிகளை அணிவிக்கிறார்கள். இரண்டையும் ஒரு குட்டையான நேர்க்கம்பி இணைக்கிறது. முதல் மூன்று மாதம் ஏறத்தாழ நாள் முழுவதும். அதன்பின் நான்கு வயது வரை உறங்கும் நேரத்தில் மட்டும். பகலில் பிள்ளை ஓடலாம். இதை விட்டுவிட்டால் பாதம் பெரும்பாலும் மீண்டும் திரும்பிவிடும். இம்முறை தோற்கும் இடங்களில் முதன்மையானது இதுவே. பிள்ளை அழும் இரவிலும் காய்ச்சல் இரவிலும், மருத்துவமனையிலிருந்து தொலைவில், அக்கம்பியைப் பூட்டுகிறவர்கள் ஆந்திரி தம் நூலை யாருக்கு எழுதினாரோ அவர்களே.